ஒரு தட்டு, இரண்டு தட்டு

“…அப்ப அவ நில்லுன்னா நிப்ப, நான் நில்லுன்னா நிக்க மாட்ட. அப்பிடித்தான?”

தையலக்கா இப்படிக் கேட்டது சிதம்பரத்தில், வடக்கு வீதியிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில், பட்டப்பகலில். எதிர்வீட்டு ஜன்னலில் ஓர் அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டிய ஓர் ஆளைப் பார்த்து அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி நடுச்சந்தில் இப்படிக் கேட்டால், யாருக்குத்தான் கீரையில் மனசு நிற்கும்?

அக்கா ‘அவ’ என்றது என் காருக்குள் இருக்கிற பெண்ணை. அதாவது பெட்டியை. கார் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்னால் வைத்திருந்த புண்ணியவான் ரிவர்ஸ் கேமராவும் அதோடு பேசுகிற ஒரு பெட்டியும் மாட்டி வைத்திருந்தார். ரிவர்ஸ் கியர் போட்டால் முதலில் குருவி மாதிரி கீச்சிடும். சுவரோ மாடோ கிட்டத்தில் வந்தால் ஒரு பெண் குரல் ‘ஸ்டாப், ஸ்டாப்’ என்று சொல்லும். நல்ல குரல்தான். கோபமே இல்லாத குரல். அதுதான் அதில் குறை. நிற்கச் சொல்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது பதற்றம் வேண்டாமா?

நான் அங்கே போனது பத்திரிகை வைக்க. கடலூரில் கையளவு இடத்தில் ஒரு வீடு கட்டியிருக்கிறேன், புதுமனை புகுவிழா. தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அக்கா மூன்று தடவை “சாப்ட்டுப் போ” என்றது. “இன்னும் பதினோரு வீடு இருக்குக்கா” என்று மூன்று தடவையும் சொன்னேன். “அப்ப இதையாவது எடுத்துக்கினு போ” என்று பழுத்த பலாப்பழம் ஒன்றைப் பின் சீட்டில் உட்கார வைத்தது. ஆள் மாதிரி நேராக உட்கார்ந்துகொண்டது பழம். சந்தில் கார் திருப்ப இடம் கிடையாது, ரிவர்ஸிலேதான் வெளியே வர வேண்டும். நாலடி வந்திருப்பேன், பெட்டிக்காரி ‘ஸ்டாப்’ என்றாள். பட்டென்று நிறுத்தினேன். அப்போதுதான் வாசற்படியிலிருந்து அந்தக் கேள்வி.

கேட்டுவிட்டு அக்கா படியிறங்கிக் காரின் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது. அது மூட்டுவலியோடு அங்கே போய்ச் சேர்வதற்குள் உங்களுக்கு ஒரு கதையைச் சொல்லிவிடலாம். ஏனென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்ததால் காருக்குள் பலாப்பழ வாசனை ஏறத் தொடங்கியிருந்தது, அந்த வாசனை வந்தால் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

பலாப்பழ வாசனை முதல் ஐந்து நிமிஷம் விருந்து. அடுத்த ஐந்து நிமிஷம் விருந்தாளி. அதற்கப்புறம் அது வீட்டுக்காரன், நாம்தான் குடக்கூலிக்கு இருக்கிறவன். பண்ருட்டியில் லாரி ஓட்டியவனிடம் கேட்டுப் பாருங்கள். ஹெவி லைசென்ஸ் கையில் வந்து மை காயாத நாட்களில் நான் தையலக்காவின் லாரியில் டிரைவராகச் சேர்ந்தேன். பதினேழு வருஷம் ஆகிறது. அண்ணாகிராமம் பக்கத்துத் தோப்புகளில் பழம் ஏற்றி மண்டிக்குக் கொண்டு வருவது, மண்டியிலிருந்து கோயம்பேட்டுக்கு, சில நாள் சிதம்பரத்துக்கு. சீசன் முடிந்தால் முந்திரிக்கொட்டை மூட்டை. சட்டை, துண்டு, தலைமயிர், பர்ஸிலிருந்த சாமி படம் வரைக்கும் பலாவாடை. நான் நடந்தால் ஈ பின்னால் வரும். எங்கள் தெருவில் என் அம்மா, “ஈ வந்துடுச்சி, புள்ள வந்துருவான், சோத்தப் போடு” என்று சொல்லும்.

தையலக்காவின் முழுப்பேர் தையல்நாயகி. லாரியின் நெற்றியில் ‘தையல்நாயகி துணை’ என்று எழுதியிருக்கும். வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் பேர் அது. ஆனால் பண்ருட்டிக்காரன் விடுவானா? “தனக்குத் தானே துணைன்னு எழுதிக்கினவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்” என்பார்கள். “அம்மனும் நானும் ஒரே பேரு. யாரு மொதல்ல வராங்களோ அவுங்க தொணை” என்று அக்கா சொல்லும். முந்திரித் தோப்பில் தன் பங்கை விற்று லாரி வாங்கியது அக்காதான். வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்போம், பள்ளிக்கூடத்தில் கிளார்க். வண்டி என்றால் அவருக்கு சைக்கிள். அதிலும் வளைவு வந்தால் இறங்கித் தள்ளுவார்.

லாரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். வலது பக்கம் ஒடித்தால் அடிக்காது, நாமே அடித்தாலும் அடிக்காது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்க பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். எதிர்ப்பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தோம். கயிறு மட்டும் புதுசு.

இந்த லாரிக்குப் பக்கக் கண்ணாடி இருந்ததா என்றால், இருந்தது. அதில் என் மூஞ்சி மட்டும் தெரியும். அதனால் ரிவர்ஸ் எடுக்கும்போது அக்கா பின்னால் வந்து நிற்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “கண்ணாடியப் பாக்காத, என் வாயக் கேளு” என்று ஆரம்பிக்கும்.

“வா, வா, வா. ஒடிச்சி வா. ஓக்கே, ஓக்கே, ஓக்கே. நேராக்கு. நாலு பழம் எடம் இருக்கு, வா. ரெண்டு பழம். ஒரு பழம். இனிமே சில்லறையா வா. சில்லறையா… சில்லறையா… ஒரு கொட்டை… ஓல்டான்!”

அடி, மீட்டர் எல்லாம் அக்காவுக்குக் கிடையாது. தூரம் என்றால் பழம், அதைவிடக் கிட்டே என்றால் முந்திரிக்கொட்டை. கொட்டைக்கு அப்புறம் ஓல்டான். இந்த ஓல்டானை நான் எங்கள் பக்கத்துச் சொந்தத் தமிழ் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘ஹோல்ட் ஆன்’ என்று இங்கிலீஷாம். தெரிந்த அன்றைக்கு, கூடப் பிறந்தவன் என்று நினைத்திருந்தவனைத் தத்து எடுத்தது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இன்ஜின் சத்தத்தில் வாய் எடுபடாவிட்டால் கை. லாரியின் பாடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. அந்த ஊர் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. தகரத்தில் தட்டித் தட்டிக் கண்ணாடி வளையல் உடைகிறதென்று, லாரி வாங்கிய மாசமே அக்கா வளையலைக் கழற்றி வைத்துவிட்டது. வெறுங்கையோடு மண்டிக்கு வந்ததைப் பார்த்த இரண்டு பேர் துக்கம் விசாரிக்கவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தது மாமா. “நான் இருக்கேன், உசுரோடதான் இருக்கேன்” என்று அவர் அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவர், அந்த வாரம் முழுக்க எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்கப்புறம் அக்கா ரப்பர் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீடு சிதம்பரம். பெண்ணின் அப்பா என் அம்மாவிடம் கேட்டார்:

“தம்பி எங்க வேல பாக்குறாரு?”

“தையல்நாயகியில.”

“தையல் கடையா? டிரைவர்னு சொன்னாங்களே?”

அம்மா விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. “நாலு பேரு கேட்டா சொல்றாப்புல ஒரு கம்பெனி பேரு இருந்தா நல்லாருக்கும். ஒரு வாரத்துல சொல்லுங்க” என்று தன்மையாகத்தான் சொன்னார். கதவு ஓரத்தில் நின்ற பெண் என் பக்கம் பார்த்தது. ஈ இருந்ததால் பார்த்ததா, என்னைத்தான் பார்த்ததா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வாரத்திலேதான் செல்வம் வந்தான். எனக்கு மச்சான் முறை. கடலூர் ஓ.டி.யை, அதாவது பழைய டவுனை, தாண்டி சிதம்பரம் ரோட்டில் இருந்த ஒரு பெரிய லாரி கம்பெனியில் டிரைவர். கம்பெனி யூனிஃபார்மில் வந்து எங்கள் லாரியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தான்.

“மச்சான், இது வண்டியில்ல. சக்கரம் வச்ச பழக்கடை.”

“ஓடுதுல்ல?”

“ஓடுது. எங்க கம்பெனியில ஓடற மாரியா ஓடுது? கண்ணாடிய ஏத்தறதுக்குக் கைப்பிடியே இருக்கு மச்சான். ஷூ குடுக்கறாங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமையாவே இருக்கும். ஆள் எடுக்கறாங்க, வியாழக்கெழம டெஸ்ட்டு.”

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கும் என்றானே, அது என்னை உள்ளே போய்த் தொட்டுவிட்டது. தையலக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமையின் மிச்சம், அவ்வளவுதான். கம்பெனி பேர், ஷூ, சிதம்பரத்துப் பெண் ஒரு பக்கம். மறுபக்கம் என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் ஒரு குரல். அவ்வளவுதான் இருந்தது அந்தத் தட்டில். ஆனால் தராசு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அக்காவிடம் போய், “நாளைக்கு லீவு வேணுங்க்கா. பல்லு வலி. கடலூர் டாக்டரப் பாக்கணும்” என்றேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன். நடிப்பு போதுமா என்று சந்தேகம் வந்து இன்னொரு கன்னத்திலும் வைத்தேன்.

“போய்ட்டு வா. எனக்கும் நாளைக்கு வேல இருக்கு. வடலூர்ல ஒரு வளைகாப்பு” என்றது அக்கா.

வியாழக்கிழமை காலை மூன்று தடவை குளித்தேன். மூன்றாவது தடவை மாமியார் வீட்டுக்குப் போகிறவன் போடுகிற சோப்பு. கம்பெனி யார்டில் சூப்பர்வைசர் என் காகிதங்களை வாங்கினார், மூக்கை ஒருமுறை இழுத்தார்.

“பண்ருட்டியா?”

“எப்பிடி சார் தெரிஞ்சிது?”

அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

டெஸ்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. யார்டை ஒரு சுற்று சுற்றி வந்து, ஆபீசுக்கு எதிரே கோடு போட்ட இடத்தில் ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். புது லாரி. இடது பக்கம் ஒடித்தேன், ஹாரன் அடிக்கவில்லை. ஏதோ ரிப்பேர் என்று பயந்துபோனேன். ஒரு சுற்று நன்றாகத்தான் வந்தேன். ரிவர்ஸ் போட்டேன். பழக்கதோஷம், கண்ணாடியைப் பார்க்கவில்லை, காதை மட்டும் பின்னால் வைத்தேன். பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டு, “வரலாம், வரலாம்” என்றார். வந்தேன்.

“ஓகே” என்றார்.

வந்தேன்.

“ஓகே, ஓகே!”

நான் தைரியமாக வந்தேன். பாருங்கள், அவருக்கு ஓகே என்றால் போதும், நிறுத்து. எங்களுக்கு ஓக்கே என்றால் வழி நல்லாயிருக்கு, வா. அவர் ஓகேவைக் கூட்டக் கூட்ட நான் வேகத்தைக் கூட்டினேன். “ஓகே ஓகே ஓகே ஓகே!” என்று அவர் குரல் உச்சிக்குப் போனது. இவ்வளவு உற்சாகப்படுத்துகிற மேலதிகாரி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மிதித்தேன்.

“ஓல்டான்!”

காலுக்கு அந்தச் சொல் புரிந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. லாரி குலுங்கி நின்றது. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். சூப்பர்வைசரின் புது மோட்டார் சைக்கிளுக்கும் லாரியின் பம்பருக்கும் நடுவில் ஒரு கொட்டை இடம் இருந்தது. சின்னக் கொட்டை. ஆபீஸ் வராந்தாவில், மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தையலக்கா நின்றது.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காதான் முதலில் வாயைத் திறந்தது.

“பல்லு எப்பிடி இருக்கு?”

“கொறஞ்சிருக்குக்கா. வளைகாப்பு முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது. ஆம்பளப் புள்ள.”

“வளைகாப்புலயாக்கா?”

“அவசரக்காரப் புள்ள” என்றது அக்கா.

சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிக்கொண்டிருந்தார். “இவுங்கள உங்களுக்குத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார். “நான் தண்ணி குடிக்க வந்தவ” என்று சொல்லி, அக்கா வராந்தாவிலிருந்த குடத்தில் மொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தது. சொன்னதை நிரூபிக்க வேண்டுமே என்று இன்னொரு டம்ளரும் குடித்தது. என்னிடமும் ஒன்றை நீட்டியது. வாங்கிக் குடித்தேன். சூப்பர்வைசருக்கும் ஒன்று கொடுத்தது. அவருக்கு அது தேவையாக இருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால் நான் டெஸ்டில் பாஸ். “பிரேக் நல்லா புடிக்கறீங்க. திங்கக்கெழம வந்து சேருங்க. இல்லன்னா வேற ஆளுக்குப் போயிரும்” என்றார். அந்த பிரேக்கைப் பிடித்தது என் கால்தான். பிடிக்க வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டி பஸ். அக்கா முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்னால். கண்டக்டர் என்னிடம் வந்தபோது, முன்னால் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்தேன். அவர் முன்னால் போனார். திரும்பி வந்து கையில் இன்னும் இரண்டு டிக்கெட்டைத் திணித்தார். “அந்தக்கா உங்களுக்கும் சேத்து எடுத்துட்டாங்க. நாலு டிக்கெட்டு, ரெண்டு பேரு. பேசிட்டு ஏறக் கூடாதாய்யா?” என்றார். நியாயமான கேள்வி. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில் இப்படிச் சண்டை போட வாய்ப்புகூட இல்லை.

வியாழன் போக, என் கையில் மூன்று நாள் இருந்தது. நான் ஒரு முடிவு எடுத்தேன். எடுத்தேன் என்பது தப்பு, அக்கா தலையில் தூக்கி வைத்தேன். அக்கா ஒரு வார்த்தை ‘நில்லு’ என்று சொல்லிவிட்டால் நின்றுவிடுவது. சொல்லாவிட்டால் போய்விடுவது. வாழ்நாளெல்லாம் என்னைப் பார்த்து நில்லு நில்லு என்று கத்திக்கொண்டே இருக்கிற வாய்தானே, இதற்கும் ஒரு தடவை கத்தாதா என்று நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை மெல்ல ஆரம்பித்தேன். “அக்கா, திங்கக்கெழம வந்து சேரச் சொல்றாங்க.”

“திங்கக்கெழம ஏழரை ஒம்பது ராகு காலம். அதுக்கப்பறமா போ.”

சனிக்கிழமை வேறு பக்கமாக வந்தேன். “நான் போய்ட்டா வண்டிய யாருக்கா ஓட்டுவா?”

“ஏன், வண்டிக்கு உன்னத் தவிர ஆளே தெரியாதா?”

“இந்த ஹாரன், கயிறு, ஸ்பேனரு எல்லாம் புது ஆளுக்குப் புரியணுமே?”

“உனக்கே புரிஞ்சிது” என்றது அக்கா.

மாமா திண்ணையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, “ரெண்டு பேருக்கும் வாயில என்னா கொழுக்கட்டையா?” என்று ஒரு குரல் வந்தது. இரண்டு பேரும் அவரை முறைத்தோம். பேப்பர் பக்கம் திருப்பிக்கொண்டது. இப்போது யோசித்தால், எனக்கு நிற்க ஆசை என்று நானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது மட்டும் தோன்றவே இல்லை. வாய்க்கு இருந்த வேலையெல்லாம் பல்வலிக்கே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி லோடு. தோப்பிலிருந்து பழம் ஏற்றி வந்து மண்டிக் கொட்டகைக்குள் ரிவர்ஸில் விட வேண்டும். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் போனது.

“வா, வா, வா. ஒடிச்சி வா. நேராக்கு. ஓக்கே, ஓக்கே. மூணு பழம் இருக்கு, வா. ரெண்டு பழம். ஒரு பழம். சில்லறையா வா.”

சில்லறையாக வந்தேன்.

“சில்லறையா…”

வந்தேன். ஒரு கொட்டை வரவில்லை. ஓல்டான் வரவில்லை. சத்தமே இல்லை. அக்கா சொல்லாமல் நிறுத்தி எனக்குப் பழக்கம் இல்லை. இப்ப சொல்லும், இதோ சொல்லும் என்று பிரேக்குக்கு மேலே காலை வைத்துக்கொண்டே வந்தேன். பின்னால் ‘பொதுக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு ‘பொதுக்.’ மண்டியில் ஏற்கெனவே குவித்திருந்த பழக்குவியலில் லாரி போய் உட்கார்ந்துவிட்டது. வாசனை ஊரைத் தூக்கியது. ஈக்களுக்கு யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

இறங்கி ஓடினேன். “என்னாக்கா, சொல்லவே இல்ல?”

“தொண்ட கட்டிக்கிச்சி” என்றது அக்கா. நல்ல கணீர் குரலில்.

சாவியை நீட்டினேன். வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, லாரியின் பக்கத்திலேயே நின்றேன். அக்கா கையை ஓங்கியது. பாடியில் ஒரு தட்டு விழுந்தது. அந்த ஒரு தட்டு விழுந்த கணத்தில் என் கால் இரண்டும் வேர் விட்டு நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடனே இரண்டாவதும் விழுந்தது.

இரண்டு தட்டு. போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேல் ராகு காலம் கழித்துக் கம்பெனியில் சேர்ந்தேன். “மொத நாளே லேட்டா?” என்றார் சூப்பர்வைசர். “ராகு காலம் சார்” என்றேன். “இங்க எட்டு மணிதான் நல்ல நேரம்” என்றார். ஷூ கொடுத்தார்கள், கடித்தது. சிதம்பரத்துப் பெண்ணைக் கட்டிவைத்தார்கள். அது இன்றைக்கு வரைக்கும் என்னைக் கடிக்காமல் காப்பாற்றி வருகிறது. மாமனார் நாலு பேரிடம் கம்பெனி பேரைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பலாப்பழ லாரியாக இருந்தால் வீட்டுக்கு வாரம் ஒரு பழம் வந்திருக்குமே என்று அஞ்சாறு மாசம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. பிறகு ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, தெருமுக்குல மத்தியானத்துல திரும்பறப்பல்லாம் ஹாரன் அடிச்சிக்கினே போவான் ஒருத்தன், தூங்க வுட மாட்டான், அந்தப் பாவி இப்ப வரதில்ல. அது உங்க வண்டியா?” நான், “இல்லீங்க மாமா” என்று சொல்லிவிட்டேன். கல்யாண வாழ்க்கையில் என் முதல் பொய்.

அதுவும் இருக்கட்டும். கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். டீ குடிக்கும்போது சூப்பர்வைசர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அன்னைக்கி வராந்தாவுல ஒரு அம்மா நின்னுச்சே, தண்ணி குடிக்க வந்தேன்னுச்சே, அது எதுக்கு வந்துச்சி தெரியுமா? அதோட லாரிய நம்ம கம்பெனியில சேத்துக்கச் சொல்லிக் கேக்க வந்துச்சி. ‘வண்டி பழசும்மா’ன்னேன். ‘வண்டி பழசுதான், டிரைவரு புதுசு. ரெண்டையும் சேத்து எடுத்துக்குங்க. அந்தப் புள்ளக்கி ஒரு கம்பெனி பேரும் கெடச்ச மாரி இருக்கும், என் வண்டியிலயே இருந்த மாரியும் இருக்கும்’னு கேட்டுச்சி. வண்டிய வேணாம்னுட்டேன். டிரைவரு யாருன்னு கேக்கறதுக்குள்ள, நீங்க ரிவர்ஸ்ல வந்துட்டீங்க.”

டீ சூடாக இருந்தது என்று சொல்லி நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போனேன். செல்வம்தான் முன்கூட்டியே அக்காவிடம் உளறியிருக்கிறான். கேட்டதற்கு, “ஆமா மச்சான், டீக்கடையில வாய் தவறிடுச்சி” என்றான். இதைப் பற்றி அக்காவிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எத்தனையோ பண்டிகைக்குப் போனேன், வந்தேன். கேட்டிருந்தால் தண்ணி குடிக்க வந்தேன் என்றுதான் சொல்லியிருக்கும்.

அந்த லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கடைசி வரைக்கும் இடது பக்கம் திரும்பினால் கத்திக்கொண்டே போனதாம். மாமா ரிட்டையர் ஆனதும் அக்காவும் அவரும் சிதம்பரத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கையில் இப்போது மறுபடியும் கண்ணாடி வளையல், பச்சை நிறத்தில். நானும் லாரியை விட்டு இறங்கிவிட்டேன். அதே கம்பெனியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்கிரீனில் புள்ளி புள்ளியாக ஓடுகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. புள்ளிக்கு வாசனை கிடையாது. எல்லா லாரியிலும் கேமரா இருக்கிறது, எல்லா லாரியும் கீச்சிடுகிறது. பின்னால் ஆள் நிற்பதில்லை. நின்றால் ஆபத்து என்று போர்டு வைத்திருக்கிறோம், அந்தப் போர்டை எழுதச் சொன்னதே நான்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு டிரைவரிடம் போன வாரம், “ஓல்டான் தெரியுமா?” என்று கேட்டேன். “எந்த டிப்போ சார் அவரு?” என்றான்.

இதற்குள் அக்கா காரின் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்கிரீனில் பச்சைக் கோட்டைத் தாண்டி, மஞ்சள் கோட்டைத் தாண்டி, சிவப்புக் கோட்டின் மேலேயே இரண்டு பாதம் வந்து நின்றது. பெட்டிக்காரி “ஸ்டாப், ஸ்டாப்” என்று அலறினாள். அவள் குரலில் முதல் தடவையாக ஒரு பதற்றம் கேட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. கைநீட்டிப் பெட்டியை அணைத்தேன். கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் கீரையை மறந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலைக் கிளட்சில் வைத்து, இரண்டு தட்டு விழுந்ததும் கிளம்பத் தயாராக இருந்தேன். பதினோரு வீடு பாக்கி.

அக்கா புடவையை இழுத்துச் செருகியது. கையை ஓங்கியது.

டிக்கி அதிர ஒரு தட்டு விழுந்தது. பச்சை வளையல் ஒன்று தெறித்து உடைந்து சந்தில் சிதறியது.

“நான் இருக்கேன், உசுரோடதான் இருக்கேன்” என்றது வீட்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல்.

நான் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். அக்கா குனிந்து, உடைந்த வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், இலை போட உள்ளே போனது.